முகத்துக்கு அரைப் பேர்

2001 பிப்ரவரி 28, புதன்கிழமை, காலை ஆறு பத்து. பனிமூட்டம், முகத்தில் அறையும் குளிர்காற்று. வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடப்பக்கமாகச் சட்டையில் ஒழுகியது.

"என்னாங்க, ஒரு பக்கமா சிரிக்கிறீங்க?" என்றாள் மனைவி செல்லம்மா. நான் சிரிக்கவில்லை.

குன்னூரில் டாக்டரம்மா எதிரே உட்கார வைத்தார்.

"ஐயா, கண்ண மூடுங்க."

"மூடிட்டேன்."

"வலது கண்ணத்தானுங்க மூடியிருக்கீங்க."

முகவாதம் (முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கி, ஒரு பக்கம் செயலிழப்பது). பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும் என்றார். மாத்திரை, சொட்டு மருந்து, கண்ணை மூடி ஒட்ட பிளாஸ்டர். "புகையும் காத்தும் ஆகவே ஆகாதுங்க. கருவிழி காஞ்சா புண்ணாயிரும்."

இதே நோய் கண்டவர்கள் அந்த ஒரு சொல்லை மறக்க வேண்டாம். நான் மறக்கவில்லை. தெரிந்தே மீறினேன். காரணம் சின்னையா.

நாங்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்கள். மாசியில் எஸ்டேட்டில் காமன் கூத்து நடக்கும். நெற்றிக்கண் திறந்து காமனை எரிக்கும் சிவன் வேஷம் இருபத்திரண்டு ஆண்டுகளாக என்னுடையது. காப்புக் கட்டி, விரதமிருந்த மூன்றாம் நாள் முகம் கோணியது.

அப்போது தேயிலை விலை தரைதட்டியிருந்தது. பாதிச் சம்பளம், அதுவும் தவணையில். ஜனங்களுக்குக் குற்றம் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. கொழுந்து நிறுக்கும் சின்னையா ஆளைக் காட்டினான். நான் காப்போடு குன்னூர் பஸ் ஸ்டாண்டில் முட்டை பப்ஸ் தின்றேனாம். சாமி கோபித்து என் முகத்தையும் தேயிலை விலையையும் சேர்த்தே சாய்த்ததாம். நான் தின்றது வர்க்கி பிஸ்கட். இரண்டு. அதில் முட்டை கிடையாது. விலை விழுந்து இரண்டு வருடம், நான் காப்புக் கட்டி மூன்று நாள். இந்தக் கணக்கைக்கூட ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.

வேஷம் சின்னையாவுக்குப் போயிற்று. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னும் என்னை நிறுத்தினான்.

"கிளார்க்கய்யா, சாமி ஒங்க மொகத்துக்கு அரைப் பேரு போட்டுட்டாரே!"

கொழுந்து குறைத்துப் பறித்தவருக்குக் கிளார்க்கான நான் அரைநாள் சம்பளம் எழுதுவதுதான் அரைப் பேர். களமே சிரித்தது. முறைக்கக்கூட என்னால் முடியவில்லை. முறைக்கவும் இரண்டு பக்கம் வேண்டும்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, காமன் எரிப்பு. கண்ணிலிருந்த பிளாஸ்டரைப் பிய்த்தேன். செல்லம்மா கையைப் பிடித்தாள்.

"பொகையில போயி ஒக்காராதீங்க. கண்ணு போயிரும்."

"போவட்டும். அவன் பாட்டும் போவட்டும்."

சிவன் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். இமைக்காத கண்ணைப் பார்ப்பவருக்கு உள்ளே என்ன ஆகும் என்பது கண்ணாடியில் எனக்கே தெரிந்திருந்தது. நெருப்பு மூண்டது. சின்னையா நெற்றியில் கைவைத்தான், என்னைப் பார்த்தான், நின்றான். மறுபடி வாயைத் திறந்தபோது வந்தது சிவன் பாட்டல்ல, காமன் மனைவி ரதியின் ஒப்பாரி.

"அடியேய், சிவனே ஒப்பாரி வைக்கிறாருடி!" என்றாள் ஒருத்தி.

"எஸ்டேட்டுக்குத்தான் வைக்கிறாரு, வுடு!" என்றாள் இன்னொருத்தி.

களம் இம்முறை அவனைப் பார்த்துச் சிரித்தது. புகை என் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

சாமி யார் பக்கம் என்று எனக்குத் தெரியாது. விரதம் காத்தவனுக்கு முகவாதம் தந்தவர் அவர். ஆனால் பாட்டை மறந்தவனைக் கூத்து மன்னிப்பதில்லை. நானும் மன்னிக்கவில்லை.

மே மாதம் ஒரு காலை, "வாயோரம் துடிக்குதுங்க" என்றாள் செல்லம்மா. கண்ணாடியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எரிந்த காமன் எழுந்து வருவதும் ரதிக்கு மட்டுமே தெரியும்.

முகம் திரும்பியது. கருவிழிப் புண் வெள்ளைத் தழும்பாக நின்றுவிட்டது. இடக்கண்ணுக்கு நண்பகலும் பனிமூட்டம்தான். வலது இமை விழுந்து எழுந்த பிறகே இடது இமை விழுகிறது. ஒவ்வொரு கணமும் எனக்கு இருமுறை முடிகிறது. சின்னையா எதிரே வந்தால் மட்டும் அந்த இமையை விழவிடாமல் பிடித்துக்கொள்கிறேன். அவன் பாதை மாறிப் போகிறான்.

முகவாதத்துக்கு ஆனது 914 ரூபாய். அந்த ஒப்பாரியைக் கேட்டதற்கு, கோயம்புத்தூர் கண் டாக்டர், மருந்து, பஸ் எல்லாம் சேர்த்து 6,380. ஆக மொத்தம் ஏழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு ரூபாய்.