சனிக்கிழமைகளில் அண்ணன் போன இடம்

அண்ணன் திருட்டுத்தனமாக மாணிக்கக்கல் தோண்டுகிறார் என்று நான் நம்பினேன்.

அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும் முதல் வரியிலேயே என்னை அடிக்க வரவேண்டாம். முப்பத்தோராம் நாள் மலரில் பொய் எழுதக் கூடாது என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். வாழ்நாளெல்லாம் பொலிஸ் உடுப்புப் போட்டும் அடுத்தவர் காசில் ஒரு பிளேன்டீகூடக் குடிக்காத மனிதரை, சொந்தத் தம்பியாகிய நான் நான்கு மாதம் கல் திருடராக நினைத்துக்கொண்டு, சோறு இறங்காமல் திரிந்தேன். சோறு இறங்கவில்லை என்பதும் முழு உண்மையில்லை. பாண் இறங்கியது. நான் பாண் ஆட்டோ ஓட்டுகிறவன்; பாட்டுப் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக ரொட்டியும் பன்னும் விற்கிறவன்.

அண்ணன் பிறந்தது ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள தோட்டத்தில், பத்து அறை வரிசையாக உள்ள லயத்தின் கடைசிக் காம்பராவில். அப்பா ரப்பர் பால் வெட்டினார். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தார். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டால் நான் உருண்டு புரண்டு அழுவேனாம்; அதனால் அண்ணன் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போனாராம். வகுப்பில் அவர் எழுத, நான் அவருடைய அழிறப்பரைத் தின்றேன் என்று அம்மா கடைசிவரை சொல்லிச் சிரிப்பார். விடுமுறை நாட்களில் அண்ணன் பஜாரில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கினார். அங்கே சாமான் சுற்றிக் கொடுக்கும் பழைய பேப்பர்களை வைத்துத்தான் சிங்களம் வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

பொலிஸில் சேர்ந்து, முதல் தடவை உடுப்போடு லயத்துக்கு வந்த அன்று பாதிக் கதவுகள் சாத்திக்கொண்டன. வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா, வெயிலில் ஆள் யாரென்று சரியாகத் தெரியாமல் எழுந்து நின்று, சிங்களத் துரையைக் கூப்பிடுவதுபோல் "மஹத்தயா" என்று கும்பிட்டுவிட்டார். அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் காலில் விழுந்தார். அதற்குப் பிறகு அவர் எந்தத் தோட்டத்து லயத்துக்குள்ளும் தொப்பி போட்டுக்கொண்டு நுழைந்ததில்லை.

எம்பிலிப்பிட்டியவிலும் வேறு ஊர்களிலும் பல வருடம் வேலை செய்தார். கஷ்டமான காலம் அது. அங்கே "நீ தமிழன்" என்றார்கள். லீவில் வந்தால் இங்கே "நீ பொலிஸ்" என்றார்கள். இரண்டு இடத்திலும் அண்ணன் "ஆமா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

கடைசி ஆறு வருடம்தான் நம் பக்கத்துக்கு மாற்றலாகி, சமூகப் பொலிஸ் பிரிவில் இருந்தார். தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புச் சொல்லிக் கொடுப்பது அவருடைய வேலை. சார்ஜன்ட் ஆன பிறகும் பிள்ளைகளுக்கு அவர் ராளாமி சார்தான். கான்ஸ்டபிள்மாரை மரியாதையாகக் கூப்பிடும் அந்தப் பெயர் அவருக்கும் பிடித்திருந்தது. அவர் பாடம் நடத்தமாட்டார், கேள்வி கேட்பார். "பஸ்ஸ விட்டு எறங்கிட்டீங்க. ரோட்ட எந்தப் பக்கத்தால கடப்பீங்க?" "முன்பக்கத்தால சார்!" "சரி, நான் பின்னால வர்ற லொறி. நீங்க கடந்து வாங்க, பாப்போம்." பிறகு மேசைகளுக்கிடையில் லொறியாக ஓடிவருவார். தெரிந்த மாமாவே தொடக்கூடாத இடத்தில் தொட்டால் எப்படிக் கத்துவது என்றும் கற்பித்தார். அன்று பள்ளிக்கூடமே கத்தியதில், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஓடிவந்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவர்தான், மூன்று வருடத்துக்கு முன், சனிக்கிழமைப் பின்னேரங்களில் காணாமல் போகத் தொடங்கினார்.

இடுப்பில் பழைய சாரம், கையில் நீளமான மூங்கில் கழி, தோளில் கயிறு. திரும்பி வரும்போது முழங்கால்வரை வெள்ளைக் களிமண். அந்தச் சாரத்தை அண்ணியிடம் கொடுக்காமல், பைப்படியில் தானே நின்று துவைத்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "சும்மா அந்தப் பக்கம்" என்பார்.

எங்கள் ஊரில் ஒருவர் மண்வெட்டியோடு கக்கூஸுக்குக் குழி தோண்டினாலும், "கல்லு ஏதும் மாட்டுச்சா?" என்றுதான் கேட்பார்கள். மாணிக்கக் குழிகளில் வரும் அந்த வெள்ளைக் களியைப் பார்த்ததும் எனக்குக் கணக்கு முடிந்துவிட்டது. அனுமதி இல்லாமல் கல் தோண்டினால் யாரையும் பிடிப்பார்கள். பிடிக்க வேண்டியவரே தோண்டினால்? வேலை போகும், பென்ஷன் போகும், பேப்பரில் படம் வரும். "மகன் நம்மளயே புடிச்சிக்கிட்டுப் போவான்" என்று, அண்ணன் பொலிஸில் சேர்ந்தபோது அப்பாவிடம் சொன்னவர்கள், கடைசியில் மகனைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்ப்பார்கள். யாருக்கும் தெரியவருமுன் நானே கண்டுபிடித்துத் தடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணி ஒருநாள் என் ஆட்டோவை மறித்தார்.

"தம்பி, ஒங்க அண்ணன் என் செவப்புச் சேலைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

"எதுக்கு அண்ணி?"

"அதத்தான் ஒங்ககிட்ட கேக்குறேன். யாருக்குக் கொண்டுபோயி குடுத்தாரு?"

"சேச்சே, அண்ணன் அப்படிப்பட்டவரு இல்ல அண்ணி."

"அப்ப எப்படிப்பட்டவருன்னு சொல்லுங்க."

குழி வெட்டுமுன் பூசை போடுவார்கள், அதற்குத்தான் சிவப்புத் துணி என்று என் மூளை ஏற்கெனவே சொல்லிவிட்டது. அண்ணிக்கு வேறொரு பெண் என்ற பயம், எனக்குக் கல் என்ற பயம். ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றோம். அண்ணி அன்று அழவில்லை. அழுததாக எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், ஆகவே அழவில்லை.

அடுத்த சனிக்கிழமை அண்ணனைப் பின்தொடர்ந்தேன். ஆளுக்குத் தெரியாமல் பின்தொடர உலகத்திலேயே ஆகாத வாகனம் பாண் ஆட்டோ. அரை மைலுக்கு அப்பால் வரும்போதே பாட்டுக் கேட்கும். தோட்டத்துக்குக் கீழே, ஆற்றோரத்தில், கொழுந்து எடுப்பதைக் கைவிட்ட மலைப் பக்கம் ஆட்டோவை நிறுத்தினேன். பாட்டு நிற்கவில்லை. அதன் சுவிட்ச் முந்தின வாரமே பழுது. பாடட்டும் என்று விட்டுவிட்டு உயரமான மானாப்புல்லுக்குள் குனிந்து போனேன்.

தூரத்தில் அண்ணன் நின்றார். கழியை நிலத்துக்குள் இறக்கினார். மேலே இழுத்து, ஈரம் எதுவரை என்று பார்த்தார். கொப்பியில் ஏதோ எழுதினார். என்ன எழுதுகிறார் என்று பார்க்கக் கிட்டப் போனேன். எதிரே பச்சையாக, சமமாக, அழகாக ஒரு புல்தரை இருந்தது. அதில் கால் வைத்தேன்.

அது பாசி. அடியில் தண்ணீர், அதற்கு அடியில் எதுவுமே காலில் படவில்லை.

யாரோ எப்போதோ கல் தேடித் தோண்டி, மூடாமல் விட்டுப்போன குழி. சுவரெல்லாம் வழுக்கும் களி. சுவர் சரியாமல் கொடுத்திருந்த பழைய முட்டுக்கட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எனக்கு நீந்தத் தெரியாது. அப்போது நான் கத்திய வார்த்தைகளை இந்த மலரில் அச்சிட முடியாது. மேலே பாட்டு மட்டும் உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தது.

அந்தப் பாட்டுதான் பிள்ளைகளைக் கூட்டி வந்தது. பனிஸ் வாங்க வந்த மூன்று பேர், ஆட்டோவில் ஆள் இல்லாததைக் கண்டு, சத்தம் வந்த பக்கம் வந்திருக்கிறார்கள். பத்து வயது கோபிகாவின் தலை மேலே தெரிந்தது. நின்று அல்ல, வயிற்றில் படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"யாரு உள்ள?"

"நான்தாம்மா, பாண் மாமா! கையக் குடு, கையக் குடு!"

"கை குடுக்கக் கூடாது மாமா. குடுத்தா நானும் உள்ள வந்துருவேன். ராளாமி சார் சொல்லியிருக்காங்க."

"அவரு என் அண்ணன்டி!"

"அப்ப ஒங்களுக்குச் சொல்லிக் குடுக்கலயா?"

அவள் திரும்பி மற்றவர்களுக்குக் கட்டளை போட்டாள். ஒருவன் பெரியவர்களைக் கூட்டிவர ஓடினான். சின்னவள் பாதையில் நின்று வழிகாட்ட வேண்டும், குழிப் பக்கம் வரவே கூடாது. கோபிகா போய் ஆட்டோவிலிருந்து பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கொண்டுவந்து, கவிழ்த்துவிட்டு, மிதக்கும் என்று தூக்கிப் போட்டாள். "பனிஸ பேப்பர்ல வச்சிட்டேன் மாமா, மண்ணு படாது. சும்மா கத்தாதீங்க, மூச்சு போயிரும்."

அண்ணன் ஓடிவந்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த கழியைக் கீழே போட்டுவிட்டு, முழங்காலில் விழுந்து, கையை நீட்டினார்.

"சார்! கை குடுக்கக் கூடாது சார்!" என்று கோபிகா வீறிட்டாள்.

அண்ணனின் கை அந்தரத்தில் நின்றது. என் விரலுக்கும் அவர் விரலுக்கும் இடையில் ஒரு முழம் இருக்காது. நான் பாய்ந்து பிடித்திருப்பேன், சத்தியமாகப் பிடித்திருப்பேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

கூடப்பிறந்தவர் கையை இழுத்துக்கொண்டதைப் பார்த்தபோது வந்த ஆத்திரத்தை நான் மறைக்க விரும்பவில்லை. அவரோ படுத்துக்கொண்டு, கழியை எடுத்து எனக்கு நீட்டினார். அதற்குள் பால் வெட்டுகிற இரண்டு பேர் வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார்கள். கழியைப் பிடித்துக் களிமண் உருண்டையாக நான் வெளியே வந்தேன்.

"இங்க என்னடா பண்ற?"

"பாண் விக்கிறேண்ணே."

"குழிக்குள்ளயா?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கல், பென்ஷன், பேப்பரில் படம், அண்ணியின் சேலை. அண்ணன் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. கொப்பியை எடுத்து, "எந்தப் பக்கத்தால வந்த? என்னன்னு நெனச்சு கால வச்ச? மொதல்ல எந்தக் கால்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிள்ளைகள் குறுக்குவழியாக நடக்கிற அந்தப் பகுதியில் கைவிட்ட குழிகளையெல்லாம் தேடி ஆழம் பார்த்து, கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவதுதான் அவருடைய சனிக்கிழமை வேலை. வீட்டில் சொன்னால் அண்ணி பயந்து, போகவிடமாட்டார் என்றுதான் சொல்லாமல் இருந்தாராம். நான் விழுந்தது அவருக்கும் தெரியாத குழி.

சாரத்து மடியிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்தார். அண்ணியின் சேலைக் கரை. கம்பில் கட்டப் பார்த்தார், முடிச்சு விழவில்லை; விரல்கள் அப்படி நடுங்கின. கோபிகா வாங்கிக் கட்டினாள்.

"நனைஞ்சவன் நானு. நடுங்குறது நீங்களாண்ணே?" என்றேன்.

அதன்பின் அண்ணன் என்னைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கூட்டிப்போனார், குழியில் விழுவது எப்படி என்று செய்துகாட்ட. பெல்மதுளைப் பக்கத்தில் ஒரு பையன், "பாண் மாமா, ஒங்களுக்கு அறிவு இல்லையா?" என்று கேட்டான். "நல்ல கேள்வி" என்றார் அண்ணன். தோட்டத்து இளைஞர்களும் கிராமத்தவர்களும் சேர்ந்து கூலி வாங்காமல் சிரமதானம் செய்து, பல குழிகளை மூடினார்கள்.

எந்தப் பள்ளிக்கூடத்திலும், ரோட்டுக்கும் பஸ்ஸுக்கும் முன்னால், கை கொடுக்கக் கூடாது என்பதைத்தான் அண்ணன் முதலில் சொல்வார். இது ஏன் என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டேன்.

"மொதல்ல சொல்றதுதாண்டா ஞாபகம் இருக்கும்" என்றார். பொலிஸ் புத்தகத்தில் அந்த வரிசையில் எழுதியிருக்கும் போல என்று விட்டுவிட்டேன்.

ஓய்வுபெற்று எட்டு மாதம்தான் இருந்தார். நெஞ்சு நோய் வந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். நாலாம் நாள் ஜன்னலில் மழையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"செவப்புத் துணியெல்லாம் மழை அடிச்சிக்கிட்டுப் போயிருக்கும். பாத்துட்டு வா."

போய்ப் பார்த்துவிட்டு, அந்தியில் திரும்பி வந்தேன்.

"எத்தன போயிருக்கு?"

"நாலுண்ணே."

"கட்டினியா?"

"கட்டிட்டேன்."

தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் எங்களைவிட்டுப் போய்விட்டார்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், கடைகளைச் சாத்திவிட்டு வந்த பஜார் வியாபாரிகளுக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டு அடுப்பு எரியவிடாமல் சோறு கொண்டுவந்த கிராமத்துச் சிங்களக் குடும்பங்களுக்கும், ரோட்டில் ஒற்றை வரிசையில் வலது பக்கமாக நடந்துவந்து அஞ்சலி செலுத்திய மாணவர்களுக்கும், எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அண்ணனோடு முதல் ஸ்டேஷனில் இளம் கான்ஸ்டபிளாக வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு சிங்களச் சகோதரர், அடக்கம் முடிந்த அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் குழியில் விழுந்த கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்களிடம் அவர் சொன்னதே இல்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

அண்ணன் வேலையில் சேர்ந்த முதல் வருடம், மழை பெய்த ஒரு பின்னேரம், கைவிட்ட மாணிக்கக் குழி ஒன்றிலிருந்து இரண்டு பிள்ளைகளின் உடல்களை வெளியே எடுத்தார்கள். கயிறு கட்டி உள்ளே இறங்கியவர் அண்ணன். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடியே இருந்தார்கள். விரல்களைப் பிரித்தெடுக்க அண்ணனுக்கு வெகுநேரம் ஆனது. ஒருவனுக்குப் பன்னிரண்டு வயது, மற்றவனுக்கு ஏழு. முதலில் விழுந்தவன் தம்பி. கை கொடுத்தவன் அண்ணன்.