உப்பின் மேல் போட்ட பழி

"பி.காம் படிச்சிட்டா பெட்டி பேசிடுமா?"

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் என்னிடம் கேட்டது இது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் குரல் திக்கித் திக்கி வந்தது. சிபியுவைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போயிருந்தேன். பாட்டுப் போட்டார். தங்குதடையின்றிப் பாடியது.

"கடையில நல்லாதான பாடுது? உன் வீடு உப்பளத்த ஒட்டி இருக்குது. உப்புக்காத்து உள்ள பூந்துடுச்சி, அவ்ளோதான்."

மரக்காணத்தில் எதற்கும் உப்புதான் காரணம். பல்பு போனால் உப்பு, சைக்கிள் செயின் அறுந்தால் உப்பு. உப்பு வாய் திறந்து மறுக்காது என்பது இவர்களுக்கெல்லாம் பெரிய வசதி. அந்தக் காற்றுக்கென்றே தைத்த பிளாஸ்டிக் உறையையும் அவரே விற்றார். கம்ப்யூட்டரை அவரிடம் வாங்கியபோதே எங்கள் சிபியுவுக்கு ஒன்றை மாட்டி அனுப்பியிருந்தார். "எப்பவும் கழட்டாத" என்ற உபதேசம் மட்டும் இலவசம்.

எனக்கு இது பாட்டுக் கேட்கிற விஷயம் இல்லை. ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் வேலை ஒன்றுக்கு மாதிரிக் கோப்பு அனுப்பியிருந்தார்கள். அவர்களுடைய மென்பொருளில்தான் ஒலியைக் கேட்டபடியே தட்டச்சு செய்ய வேண்டும், அது கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். அதில் ஓர் அம்மா, "பொண்ண காலேஜ் அனுப்பலாம்" என்கிறார். திக்கலில் கடைசி எழுத்துகள் விழுந்து, எனக்குக் கேட்டதோ "அனுப்பல". இப்படி ஒரு பிழை போதும், வேலை போய்விடும். சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

ஹெட்போனை மாற்றினேன். திக்கியது. இன்டர்நெட்டைத் துண்டித்தேன். திக்கியது. ஒலிக்கான டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அதற்கும் மசியவில்லை. அதே கோப்பு கைப்பேசியில் அழகாகப் பேசியது. ஆக, பழுது பதிவில் இல்லை, பெட்டியில்தான்.

உப்பை வாரிப் பிழைக்கும் வீடு எங்களுடையது. உப்பு என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அது இரும்பைத் தின்னத் தொடங்கினால் தின்றுகொண்டே இருக்கும். கடைக்குப் போனதும் மன்னித்துவிட்டு, வீடு திரும்பியதும் மறுபடி கடிக்காது. இந்தத் திக்கலோ, கம்ப்யூட்டரைப் போட்டவுடன் வராது. கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் தொடங்கும்.

கடையில் இல்லாதது வீட்டில் என்ன? யோசித்தேன். அங்கே சிபியுவை மேசையில் வைத்ததும் அவர் செய்த முதல் வேலை, உறையைக் கழற்றி ஓரமாகப் போட்டது.

உறையின் மேல் கை வைத்தேன். தோசைக்கல். பின்பக்கம் சூடு வெளியேறும் ஓட்டைகளையெல்லாம் பிளாஸ்டிக் மூடியிருந்தது, வயருக்கு மட்டும் ஒரு கிழிசல். உள்ளே விசிறி தன் சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்து அலறிக்கொண்டிருந்தது. வெந்துபோகாமல் இருக்க இயந்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது ஒலி தடுக்கி விழத்தான் செய்யும்.

உறையை உருவினேன். அம்மா ஓடி வந்தாள்.

"கழட்டாதடி! உப்பு புடிச்சிடும்னு அவரு சொன்னாரு இல்ல?"

"அவரு சொன்னா உப்பு கேக்குமா? தள்ளும்மா."

சூடு இறங்கியதும் கோப்பை ஓடவிட்டேன். "பொண்ண காலேஜ் அனுப்பலாம்." கடைசி எழுத்துவரை முழுசாக வந்தது. அதற்குப் பிறகு அது திக்கவே இல்லை.

கடைக்காரருக்குப் போன் செய்து சொன்னேன்.

"அது தற்செயல்மா. உப்பு தின்னதும் நீயே தூக்கினு வருவ, பாரு."

"வரும்போது கவரையும் எடுத்துனு வரேங்க. நீங்க அத தலையோட போட்டுக்கினு ஒரு மத்தியானம் கடையில உக்காருங்க. பேச்சு திக்குதா இல்லியான்னு பாக்கலாம்."

அவர் பக்கத்தில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தது எனக்கே கேட்டது. அவர் போனை வைத்துவிட்டார். கடையில் இல்லாதது வீட்டில் என்ன என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்டிருக்கக்கூடிய கேள்வியைக் கேட்காமல் கடை நடத்துகிறவருக்கு என் பி.காம் மேல் சந்தேகம்!

காற்றில் உப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. காய்ந்த பிரஷ்ஷால் அவ்வப்போது தட்டிவிடுகிறேன், அது போதும். அந்த உறை இப்போது அப்பாவோடு உப்பளத்தில் இருக்கிறது. மழைக்கு முன் உப்புக் குவியலின் ஓர் ஓரத்தை மூட உதவும்.

மாதிரிக் கோப்பை வெள்ளிக்கிழமையே அனுப்பினேன். வேலை கிடைத்தது. இந்தக் கடற்கரைப் பேச்சு புரியவில்லை என்று மற்றவர்கள் திருப்பி அனுப்பும் ஒலிப்பதிவுகளையெல்லாம் எனக்கே தாருங்கள் என்று கேட்டு எழுதினேன். முதல் கோப்பு வந்துவிட்டது. பாதி தட்டச்சு செய்திருக்கிறேன்.