கோட்டைக்குள் ஓர் இரவு

டிராவல் ஏஜென்ட் வேலையில் இருபத்திரண்டு வருடம் ஓட்டியவன் நான். ஃப்ளைட் கேன்சல், லக்கேஜ் மிஸ்ஸிங் எல்லாம் பார்த்தாயிற்று, இனி எதற்கும் அதிர மாட்டேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். இங்கே வெளிநாட்டில், எல்லர்ஸ்லி என்ற புறநகரில் இருக்கும் என் ஆபீஸில் ஒரு காலைநேரம் அந்த நினைப்பு தூள் தூளானது.

1. சர்ப்ரைஸ்

பிளாட் புஷ் என்ற இன்னொரு புறநகரிலிருந்து ஷாலினி வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பெண். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வரும். அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு ஸ்பெயின் டூர் வேண்டும் என்றாள்.

"இட்ஸ் எ சர்ப்ரைஸ், அங்கிள். டோன்ட் டெல் மம்மி."

ஸ்பெயினில் பழைய கோட்டைகள் சிலவற்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். மலைமேல் இருந்த ஒன்றில் முதல் இரவுக்கு ரூம் போட்டேன். அடுத்த ஊர்களிலும் கோட்டைகள்தான். நான் வேலூர்க்காரன். எனக்குக் கோட்டை என்றால் சாயங்காலம் காற்று வாங்கப் போகும் இடம். அந்த அம்மாவுக்கு அது என்னவாக இருக்கும் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

2. வாசல்

அவர்கள் ஸ்பெயினில் இறங்கிய மறுநாள் காலை, இங்கே ஆபீஸ் திறந்ததும் ஷாலினி ஓடிவந்தாள்.

"டாட் கால் பண்ணினார். மம்மி வோன்ட் கோ இன்சைட்!"

ஸ்பெயினில் அப்போது இரவு பதினொரு மணி. ஆறு மணி நேரமாக ஷாலினியின் அம்மா ரோஸ்மேரி அக்கா கோட்டை வாசலில், வாடகைக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாராம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ரூம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவைக் கூப்பிட்டேன். மகள் பக்கத்தில் நிற்பதைச் சொல்லவும் தோன்றவில்லை.

"அக்கா, அப்கிரேடு வாங்கித் தர்றேன். டவர்லயே ரூம் இருக்கு, ஜன்னல்ல இருந்து ஊரே தெரியும்" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"தம்பி, உங்களில பிழையில்லை" என்றார் அக்கா. "எங்கட ஊர்க் கோட்டைக்குள்ளதான் ஆமிக்காரர் அண்ணாவைப் பிடிச்சுக் கொண்டு போனவை. நானும் அம்மாவும் பதினேழு நாள் கேற்றடியில நிண்டனாங்கள். சாப்பாட்டுப் பார்சலை வாங்குவினம், ஆளைக் காட்டமாட்டினம். பதினெட்டாம் நாள் பார்சலையும் வாங்கேல்லை."

அம்மாவுக்கு ஓர் அண்ணன் இருந்ததே ஷாலினிக்கு அன்றுதான் தெரியும். மெதுவாக ஃபோன் பக்கம் குனிந்தாள்.

"அம்மா, அவற்ற பேர் என்ன?"

அவள் தமிழ் பேசி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"ரெஜி" என்றார் அக்கா. பிறகு அழத் தொடங்கினார். இங்கே இவளும் அழுதாள்.

3. பிறகு

மலையடிவார ஊரில் ஒரு சின்ன லாட்ஜில் அவர்களுக்கு ரூம் பிடித்தேன். மிச்சமிருந்த கோட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு, கடலோர ஊர்களாக மாற்றினேன். ஷாலினி அடுத்த ஃப்ளைட்டிலேயே கிளம்பிப் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன். சர்ப்ரைஸ் என்று யார் கெஞ்சினாலும், போகிறவரிடம் பேசாமல் டிக்கெட் போடாதீர்கள். எங்கே போக ஆசை என்று கேட்பதோடு, எங்கே போகவே முடியாது என்றும் கேளுங்கள். நான் கேட்கவில்லை.