போர்டில் பல் வரையக் கூடாது

பல் டாக்டர் தொழிலில் நோயாளி எவ்வளவு வேண்டுமானாலும் வாயைத் திறக்கலாம். டாக்டர் திறந்து "நான் நன்றாக வைத்தியம் பார்ப்பேன், வாருங்கள்" என்று சொன்னால் குற்றம். வக்கீலோ, டாக்டரோ, ஆடிட்டரோ, வாசலில் ஒரு சின்னப் பலகையை மாட்டிவிட்டு யாராவது படியேறுவார்களா என்று தெருவையே வெறித்துக்கொண்டிருந்த சக பாவிகளே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

எண்பதுகளின் கடைசியில் ஆவடியில் கிளினிக் போட்டேன். என் வீட்டுக்காரருக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸ் வாசம். அவருக்குப் பதவி உயர்வோடு ஜபல்பூருக்கு மாற்றல் வந்தது. எனக்காக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "இன்னொரு தடவை வரும். அதையும் வேண்டாம்னு சொல்ல முடியாது. அதுக்குள்ள உன் கிளினிக் சொந்தக் கால்ல நின்னுட்டா, நான் மட்டும் போய் இருந்துட்டு வரேன். இல்லேன்னா மூட்டை கட்டணும், அப்ப மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது" என்றார். கையில் தொழில் இருக்கிறது, ஊர் முழுக்கப் பல் இருக்கிறது, இதில் நிற்காமல் போக என்ன இருக்கிறது என்று நினைத்தேன். முட்டாள்.

பேரும் படிப்பும்

போர்டு எழுத டில்லி என்ற ஆர்ட்டிஸ்ட் வந்தார். பஜாரில் பாதிக் கடைக்கு அவர் கைதான். வரும்போதே ஒரு பேப்பரில், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற ஒரு பெண்ணை வரைந்து எடுத்து வந்திருந்தார். எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் எங்களுக்கென்று நெறிமுறைச் சட்டம் ஒன்று உண்டு. போர்டு அளவாக இருக்க வேண்டும். பெயர், படிப்பு, தொழில், பார்க்கும் நேரம், அவ்வளவுதான். படம் கூடாது. கலர் விளக்கு கூடாது. 'வலியில்லாமல்' என்ற வார்த்தை கூடவே கூடாது. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைக் கவலையோடு பார்த்தார்.

"ஓரமா ஒரே ஒரு பல்லு வச்சுக்கலாம், யார் பாக்கப் போறா" என்று பேரம் பேசிப் பார்த்தார். கடைசியில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் எழுதி மாட்டிவிட்டுக் கீழே இறங்கி நின்று பார்த்தவர், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, கண்ணீர் அஞ்சலி மாரி கீது? அதுலகூட ஒரு போட்டோ இருக்குமே!"

முதல் நோயாளி

திறந்த பிறகு நாலைந்து நாள் காற்று மட்டும்தான் வந்து போனது. அப்புறம் ஒரு காலை, ஒரு அம்மா தன் மகளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு படியேறினாள். அந்தப் பெண்ணைச் சேரில் உட்காரவைத்து, சேரைச் சாய்த்து, விளக்கைப் போட்டு, "ஆ காட்டும்மா" என்றேன். அவள் ஆ காட்டினாள். ஈறு கொஞ்சம் வீங்கியிருந்தது. "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டேன். "இது ஏழாவது மாசம்" என்றாள் அம்மாக்காரி.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். வெள்ளைக் கோட்டுப் பொம்பளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பிரசவ டாக்டர் என்று நினைத்து வந்துவிட்டார்கள். வந்தது வந்துவிட்டார்களே, ஈறையாவது பார்த்து அனுப்பலாம் என்று நான் கெஞ்சாத குறை. அந்த அம்மா மகளைச் சேரிலிருந்து இறக்கிக்கொண்டே, தெருவின் எதிர்ப்பக்கம் கை நீட்டினாள்.

"பல்லு டாக்டர்னா அத்த வெளில காட்டணும்ல? எதிர்ல பாரு, அந்த ஆளு கண்ணாடிப் பொட்டில பல்லு செட்டே வச்சுக்கீறான். பாத்தாலே தெர்தா இல்லியா?"

வீங்கிய கன்னம்

எதிரில் இருந்தது பரசுராமன். யாரோ ஒரு டாக்டரிடம் பல் செட் செய்யும் உதவியாளாக இருந்துவிட்டு, சொந்தமாகக் கடை போட்டவர். படிப்பும் இல்லை, பதிவும் இல்லை. ஆனால் போர்டு? கடையைவிடப் பெரிய போர்டு. சினிமா நடிகை ஜாடையில் ஒரு சிரிப்பு, சுற்றிலும் ஓடுகிற சீரியல் பல்ப், நடுவில் 'வலியே இல்லை!' என்று சிவப்பில். எனக்கு எதெல்லாம் கூடாதோ அதெல்லாம் அவரிடம் இருந்தது. எங்களைப் பதிவு செய்கிற பல் மருத்துவக் கவுன்சிலில் போய்க் கேட்டேன். "எங்க பதிவுல இருக்கற டாக்டரைத்தாம்மா நாங்க கேக்க முடியும். அவர் டாக்டரே இல்லையே" என்று பதில் வந்தது. போலீஸில் சொல்லுங்கள் என்றார்கள். போலீஸில், ஒரு பல்லுக்கு ஒரு புகாரா என்று சிரித்தார்கள்.

ஏகாம்பரம் என்று ஒருவர், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். கடைவாய்ப் பல் வலி என்று பரசுராமனிடம் போயிருக்கிறார். பரசுராமன் எதையோ வைத்து அடைத்து, வீங்கிய பிறகு அதன் மேலேயே இன்னும் அடைத்து அனுப்பியிருக்கிறார். என்னிடம் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கன்னம் கழுத்து வரைக்கும் வீங்கி, வாய் திறக்கவில்லை, காய்ச்சல் கொதித்தது. மூச்சு விடவே சிரமப்பட்டார். என்னால் அங்கே வைத்துச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கையோடு டாக்ஸி பிடித்து, நானும் ஏறிக்கொண்டு பெரியாஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தேன். பிழைத்தார். கழுத்தில் கீறிச் சீழ் எடுத்து, வெகுநாள் கிடந்துதான் பிழைத்தார். முதல் நாளே வந்திருந்தால் ஒரு அரை மணி நேர வேலை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வீடு என் கிளினிக்குக்குப் பின்தெரு. தினமும் என் வாசலைத் தாண்டித்தான் குழாயடிக்குப் போவாளாம். அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

"இத்தினி நாளா எதுர்லயே கீறீங்களேம்மா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

எதிர்க்கடைக்காரர்

பரசுராமனைப் போய்க் கிழி கிழி என்று கிழித்துவிட்டு வந்தேன். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு என் கிளினிக்குக்குள் நுழைந்தார். "உங்க கடையில உங்களுக்கே வைத்தியம் இல்லியா?" என்று கேட்டேன். "விளையாடாதீங்கம்மா, உசுரு போவுது" என்றார்.

சேரில் உட்கார்ந்தவனை எழுந்து போ என்று சொல்ல எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஊசி போட்டு, பல்லை எடுத்து, பஞ்சு வைத்து அனுப்பினேன். இனிமேல் செட் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பல்வலி என்று வருகிறவனை இங்கே அனுப்ப வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பஞ்சைக் கடித்தபடி வாசல் வரைக்கும் போனவர், என் போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"வலியே தெர்லம்மா, நெசமாலும் தங்கமான கை. நாலு பேருக்குச் சொல்லணும்னு ஆசைதான், உங்க சட்டத்துல வுடமாட்டாங்களே!"

ஆடி மாதத்து அபிஷேகம்

பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற நன்கொடை கேட்டு வந்தார்கள். ஒரு மூட்டை கேழ்வரகு வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்த பாவம். மறு வாரம் சுவருக்குச் சுவர் போஸ்டர். அம்மன் படத்துக்குக் கீழே அதே அளவில் ஒரு பெரிய கடைவாய்ப் பல், அதற்குக் கீழே 'ஆவடியின் பல்வலி போக்கும் பராசக்தி' என்று போட்டு என் பெயர். ஏகாம்பரத்துக்கு நான் டாக்ஸி பிடித்த கதை கோயில் கமிட்டிப் பையன்களுக்குத் தெரிந்திருக்கிறது. அன்பில் செய்துவிட்டார்கள்.

போஸ்டரைப் பார்த்து ஒரு நோயாளி வருவதற்கு முன்னால், என் போன்ற பதிவுபெற்ற டாக்டர் ஒருவரின் புகார் கவுன்சிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. விளக்கம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பதிவுக்கே ஆபத்து என்றார்கள். பட்டப்பகலில் ஒரு வாளித் தண்ணீரும் தோசைத் திருப்பியுமாக நானும் என் வீட்டுக்காரரும் சுவர் சுவராகச் சுரண்டிக்கொண்டு போனோம். அம்மன் முகத்தை மட்டும் விட்டுவிட்டு என்னைச் சுரண்ட வேண்டும். அது ஒன்றும் சுலபமில்லை. கமிட்டிக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு நாங்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏம்மா, அடுத்தவன் போஸ்டரக் கிழிக்கறவன நெறையப் பாத்துக்கீறேன். தன் போஸ்டரத் தானே கிழிக்கறது நீங்கதாம்மா மொத ஆளு."

திருப்பதி

அந்தச் சட்டப் புத்தகத்தை என் வீட்டுக்காரர் ஒருநாள் உட்கார்ந்து முழுசாகப் படித்தார். படித்தவர் துள்ளிக் குதித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். டாக்டர் வெளியூர் போனால் பேப்பரில் அறிவிக்கலாம்! திரும்பி வந்தாலும் அறிவிக்கலாம்! "நீ இருக்கேன்னு சொல்லத்தானே கூடாது? இல்லேன்னு சொல்லலாம். அப்புறம் வந்துட்டேன்னு சொல்லலாம். ரெண்டு தடவை பேர் வரும்!" என்றார். எங்களைப் போன்ற அறிவாளிகள் உண்டா? அறிவிப்பைக் கொடுத்துவிட்டு, போகத்தானே வேண்டும் என்று நிஜமாகவே இருவரும் திருப்பதிக்குப் போனோம், அவர் மொட்டையும் போட்டுக்கொண்டு வந்தார்.

உள்ளூர் வாரப் பத்திரிகையில் 'பல் மருத்துவர் வெளியூர் செல்கிறார்' என்பது கட்டம் கட்டி வந்தது. 'திரும்பி வந்துவிட்டார்' என்பது வரவில்லை. நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டதால் இடமில்லையாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வாரம் தீபாவளி மலர். அதற்கும் அடுத்த வாரம் பத்திரிகையே வரவில்லை. வந்துகொண்டிருந்த பத்துப் பேரும், அந்தம்மா ஊரில் இல்லை என்று நின்றுபோனார்கள். நான் போர்டுக்குக் கீழே நாற்காலி போட்டு, கோட்டோடு உட்கார்ந்திருந்தேன். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து முன்பு வந்துபோன ஒரு பெரியவர் சைக்கிளிலிருந்து இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு விசாரித்தார்.

"டாக்டரம்மா ஊருக்குப் பூட்டாங்கன்னு பேப்பர்ல போட்டுக்கீதே, எப்ப வருவாங்கோ? நீ அவங்க தங்கச்சியாம்மா?"

இடம் மாறுகிறார்

ஜபல்பூருக்கே இரண்டாவது மாற்றல் வந்தது. இந்தத் தடவை என் வீட்டுக்காரர் உத்தரவைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனார். கிளினிக் நின்றதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நானே பத்திரிகைக்குப் போய், சட்டம் அனுமதிக்கிற இன்னொரு அறிவிப்பைக் கொடுத்தேன்: பல் மருத்துவர் இந்த மாதக் கடைசியோடு ஆவடியைவிட்டு இடம் மாறுகிறார்.

இது மட்டும் தவறாமல் வந்தது. முதல் பக்கத்தில் வந்தது. மறுநாள் காலை நான் போனபோது படியில் ஆள் உட்கார இடமில்லை. டாக்டர் போய்விடுவார் என்றதும் ஊரில் இருந்த அத்தனை சொத்தைப் பல்லுக்கும் அவசரம் வந்துவிட்டது. குவார்ட்டர்ஸ்காரர்கள், எஸ்டேட் ஷிப்டு முடித்தவர்கள், அயனம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். "இங்க பல்லு டாக்டர் இருக்கறதே இப்பதாம்மா தெரியும்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். சாப்பிடப் போகாமல் பார்த்தேன். நான் கனவு கண்ட கிளினிக் அதுதான், அந்தக் கடைசி வாரம் முழுக்க அது நடந்தது. ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்தாயிற்று, ஜபல்பூர் ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. கிளினிக் இடத்தையும் வீடியோ கேசட் கடைக்குப் பேசி முடித்துவிட்டார்கள்.

கடைசி நாள் சாயங்காலம், சேரைக் கழற்றி லாரியில் ஏற்ற ஆட்கள் வந்து நிற்கிறார்கள். சேரில் ஒரு அம்மா எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் இன்னும் வரிசை. அவளுக்குப் பல்லை அடைத்து முடித்து, எனக்குக் கண் கலங்கியது தெரியாமலிருக்க விளக்கை அணைத்தேன். அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துத் திட்டினாள்.

"இம்மாம் கூட்டம் வர்ற ஆஸ்பத்திரிய யாராவது மூடுவாங்களா? பொழைக்கத் தெர்ல உனுக்கு!"

ஜபல்பூரில் புதுப் போர்டு மாட்டிய அன்றைக்கே, 'ஊரைவிட்டுப் போகிறேன்' என்று பேப்பரில் போட்டுவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.