முப்பத்திரண்டு தென்னை

கப்பல்துறையில் கண்டி வீதியை ஒட்டி அரை ஏக்கர் காணியில் இருந்த சோமசேகரம், அரசாங்கக் கடதாசியின்படி ஒரு தோட்டக்காரர். உண்மையில் அவருக்கு மண்வெட்டியைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. அவர் வெல்டிங்காரர். சீனக்குடாப் பக்கத்து வீடுகளில் அரைவாசிக்கு கேற்றும் கிறிலும் அவருடைய கைவேலைதான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை அடித்துக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருடைய பட்டறைக்குத்தான் பலகை கிடையாது. 'சோமசேகரம் இரும்பு வேலை' என்று சிவப்பில் எழுதிய ஒன்றைப் பதினைந்து வருடத்துக்கு முன்பே செய்து அலுமாரிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

காரணம் காணிப் பேர்மிட். இருபத்தாறு வயதில் அரசாங்கம் கொடுத்தது. குடியிருக்கலாம், பயிர் வைக்கலாம். விற்கக் கூடாது, ஈடு வைக்கக் கூடாது, எழுத்தில் கேட்காமல் தொழில் நடத்தக் கூடாது. மீறினால் காணி பறிபோகும். சண்டைக்காலத்தில் ஊர் இடம்பெயர்ந்தபோது அதைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பேர்மிட்டில் ஒரு கசங்கல்கூட இல்லை.

காணிக் கந்தோரில் எழுத்தில் கேட்டும் பார்த்தார். முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு, முதலாவதன் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்றாவதைக் கொண்டுபோன அன்று கடிதம் வாங்குகிற மேசைக்காரர் மாற்றலாகிப் போயிருந்தார். இனிக் கேட்கிறவன் மடையன் என்று வீட்டுக்கு வந்து பட்டறையைத் திறந்தார்.

அதிலிருந்து அந்த வீதியில் எல்லோரும் செய்ததையே அவரும் செய்தார். காணிக் கந்தோர் ஜீப் முடக்கில் திரும்பினால், அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த நஸ்ரி எல்லோருக்கும் கோல் எடுப்பான்.

"மச்சான், மாப்பிள்ள வீட்டாக்கள் வாறாங்க."

ஐந்து நிமிடத்தில் டயர்க் கடை மரவள்ளித் தோட்டமாகும். பக்கத்தில் சீமெந்துக் கல் அரிகிற இடத்தில் நாலு ஆடு நிற்கும். சோமசேகரம் பட்டறையைத் தென்னோலைக் கிடுகால் மறைத்து, சாரத்தை மடித்துக் கட்டி, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். வந்த ஐயாமாருக்கும் எல்லாம் தெரியும். செவ்விளநீர் குடித்துவிட்டு, ஜீப்பில் இருந்தபடியே எழுதிக்கொண்டு போவார்கள்.

அவர் ஆரம்பத்தில் உண்மையாகவே பன்னிரண்டு தென்னம்பிள்ளை வைத்தவர். மாடு தின்றது போக இரண்டு மிஞ்சின. கந்தோர்ப் பதிவுக் கோவையிலோ பன்னிரண்டும் செழித்து வளர்ந்தன. அடுத்த உத்தியோகத்தர் 'காய்க்கிறது' என்று எழுதினார். அதற்கடுத்தவர் முப்பத்திரண்டாக்கி, தன் பங்குக்கு நாலு மாவும் இரண்டு பலாவும் நட்டார். மனைவி கமலேஸ்வரி கடையில் தேங்காய் வாங்கி வரும்போதெல்லாம் கேட்பாள்:

"இஞ்சாருங்கோ, எங்கட தோட்டத்துத் தேங்காயெல்லாம் ஆர் புடுங்கித் தின்னுறது?"

இப்படி இருக்கையில் அரசாங்கத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. பேர்மிட் காணிகளை முழுச் சொந்தமாக்கி அறுதி உறுதி கொடுத்தால் சனம் முதல் போடும், தொழில் வளரும், நாடு முன்னேறும் என்று அறிவித்தார்கள். முப்பது வருடமாகத் தொழிலைக் கிடுகுக்குப் பின்னால் ஒளிக்க வைத்தவர்கள் இதைச் சொன்னபோது சோமசேகரத்துக்குச் சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் முதல் ஆளாக விண்ணப்பித்தார். அன்று அலுமாரியை நகர்த்திப் பலகையைத் துடைத்தும் வைத்தார்.

காணி பார்க்க வந்தவர் புது உத்தியோகத்தர், கௌசிகா என்ற இளம்பெண். ஜீப்பில் அல்லாமல் தன்னுடைய ஸ்கூட்டியில் வந்ததால் நஸ்ரிக்குப் பிடிபடவில்லை. பொறி பறக்க வெல்டிங் செய்துகொண்டிருந்தவர் முகமூடியைத் தூக்கியபோது எதிரே கோவையோடு நின்றாள்.

"தோட்டக்காரர் சோமசேகரம் ஐயா இருக்கிறாரோ?"

"அவர் பின்னால தோட்டத்தில நிக்கிறார் மிஸ். கூப்பிட்டு விடுறன்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார் சோமசேகரம். சொன்ன பிறகு வேறு வழி? பின்பக்கம் ஓடி, சாரம் மாற்றி, மண்வெட்டியோடு திரும்பி வந்தார். முகத்துக் கரியைத் துடைக்க மறந்துபோனார்.

"இப்ப வெல்டிங் செய்தது ஆர் ஐயா?"

"அது... என்ர தம்பி."

கௌசிகா சிரிக்கவில்லை. கோவையைப் பார்த்தாள், காணியைப் பார்த்தாள், இரண்டு தென்னையையும் இரண்டு தரம் எண்ணினாள்.

"ஐயா, கோவையில முப்பத்திரண்டு தென்னை இருக்கு. இஞ்ச ரெண்டுதான் நிக்குது. அப்ப இது அந்தக் காணி இல்ல. அந்தக் காணியைக் காட்டாமல் உறுதிக்கு எழுத ஏலாது."

சோமசேகரம் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"மிஸ், இதுதான் காணி. நான்தான் சோமசேகரம். எனக்குத் தம்பி இல்ல. தோட்டமும் இல்ல. இருபத்தேழு வருசமா வெல்டிங்தான் செய்யிறன். காணியைப் பறிக்கிறதெண்டால் பறியுங்கோ."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே? கனகாலமா நடக்கிற தொழிலையும் இப்ப அபிவிருத்தியெண்டு எழுதலாம். சுற்றறிக்கை வந்திருக்கு. ஆனால் அத்தாட்சி வேணும். பில், போட்டோ, போர்ட், ஏதாவது?"

அவர் பில் அடித்தால் அகப்படுவோம் என்று அடிக்கவில்லை. பட்டறையைப் படம் எடுக்க ஒருவரையும் விடவில்லை. பலகை அலுமாரிக்குப் பின்னால். இவ்வளவு கவனமாகத் தன்னைத் தானே அழித்து வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அழுகை வந்தது, கரிமுகத்தோடு அழ வெட்கமாகவும் இருந்தது.

குசினியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கமலேஸ்வரி ஒரு பழுப்புக் கடதாசியோடு வந்தாள்.

"இதைப் பாருங்கோ மிஸ். உங்கட கந்தோர்க் கேற்றை ஆர் செய்ததெண்டு நினைக்கிறியள்?"

கந்தோர் முத்திரை குத்திய வேலைக்கட்டளை அது. பதினாலு வருடப் பழசு. 'சோமசேகரம், வெல்டிங் பட்டறை, கப்பல்துறை: இரும்புக் கேற் ஒன்று.' கௌசிகா அதன் கையெழுத்தைக் கோவையின் நடுப்பக்கம் ஒன்றோடு ஒப்பிட்டாள். ஒரே ஆள், ஒரே மாதம். கேற்றுக்கு ஓடர் கொடுத்த கையாலேயே அந்தப் பெரிய மனிதர் முப்பத்திரண்டு தென்னையும் நட்டிருந்தார்.

இப்போது அவளுக்கு அடக்க முடியவில்லை. கோவையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அந்தக் கேற் ஒவ்வொரு நாளும் கிறீச்செண்டு கத்துது ஐயா."

"எண்ணெய் விட்டால்தானே மிஸ்!" என்றார் சோமசேகரம். தொழிலில் குற்றம் சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

அவள் எழுதினாள்: தென்னை 2. மா இல்லை. பலா இல்லை. வெல்டிங் பட்டறை 1.

எட்டு மாதத்தில் உறுதி வந்தது. அன்று பின்னேரமே கிடுகைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பலகையை வீதிப்பக்கம் மாட்டினார். ஏணியில் நிற்கும்போதே கைத்தொலைபேசி அடித்தது.

"மச்சான், மாப்பிள்ள வீட்டாக்கள் வாறாங்க!"

சோமசேகரம் ஏணியிலிருந்து குதித்துக் கிடுகைத் தேடி ஓடினார். மண்வெட்டியும் கையில் வந்துவிட்டது. ஜீப் பலகைக்குக் கீழே வந்து நின்றது. சாரதி தலையை நீட்டி மேலே வாசித்தான், பிறகு மண்வெட்டியோடு நின்றவரைப் பார்த்தான்.

"தோட்டக்கார ஐயா, இஞ்ச வெல்டிங் செய்யிறவர் நிக்கிறாரோ? ஜீப்புக் கதவு கழண்டு போச்சு."

சோமசேகரம் மண்வெட்டியைப் பார்த்தார். அதை வேலிக்கு அப்பால் வீசினார்.

"நான்தான்" என்றார். முதலில் சொன்னது சாரதிக்குக் கேட்கவில்லை. கிட்டப் போய் இன்னொரு தரம் சொன்னார்.