அந்த வாசலில் நான் கொட்டியது

நுரையீரலின் உறை ஒரு பக்கம் தடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி, “ஆஸ்பெஸ்டாஸ் கூரை பிரிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

“கட்டிடக் காண்ட்ராக்டர் சார் நான். எத்தனையோ ஷெட்டு பிரிச்சிருக்கேன்.”

“நீங்களே ஏறிப் பிரிப்பீங்களா?”

“இல்லை. ஆட்கள் பிரிப்பாங்க. நான் பக்கத்துல நிப்பேன்.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். நான்தான் பேருந்தில் வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்: பக்கத்தில் நின்றவனுக்கே இப்படி என்றால், உள்ளே நின்று பெருக்கியவளுக்கு?

அந்தப் பெண் என்னிடம் பல வருடம் சித்தாள் வேலை பார்த்தவள். நல்லம்பள்ளி பக்கம் ஒரு ஊர். அவளைப் பற்றி எழுத வேண்டுமானால் அரூர் ஆலையைப் பற்றி எழுத வேண்டும்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பழைய கடலை எண்ணெய் ஆலை ஒன்றைக் கல்யாண மண்டபமாக மாற்றும் வேலை. அதற்கு முன் நான் பிரித்த கூரைகளுக்கு அறியாமையைச் சாக்குச் சொல்லலாம். இதற்குச் சொல்ல முடியாது. உரிமையாளர் பெங்களூரில் ஆள் வைத்து ஒப்பந்தம் எழுதியிருந்தார். கூரைக்கென்றே அதில் ஒரு பக்கம் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நனைத்த பிறகே தொட வேண்டும். ஆணியைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும், உடைக்கக் கூடாது. ஆட்களுக்கு முகமூடி தர வேண்டும். இறக்கியதைப் பாலித்தீனில் சுற்றி, அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்பி ரசீது வாங்கும்வரை அது காண்ட்ராக்டரின் பொறுப்பு. அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்து நோய் வரும் என்றும் எழுதியிருந்தது. நான் படித்தவன். இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கொக்கி ஆணிகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன. கழற்றினால் பத்து நாள். தை முகூர்த்தத்துக்கு மண்டபம் திறந்தாக வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்குங்கள் என்றேன். மூன்றே நாளில் முடிந்தது. விழுந்த சில்லையும் தூளையும் உள்ளே நின்று அவள்தான் பெருக்கினாள். புளியமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தேன். எனக்கு மட்டும்.

இடித்த இடத்தில் மிஞ்சியதை வேலை செய்தவர்கள் கேட்டால் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் கேட்டாள். “சாரு, ஒடஞ்சத எங்க வூட்டு வாசலுக்குக் குடுங்க. மழ பேஞ்சா காலு வெக்க முடியல, சேறு.” எனக்கு நிம்மதியாகப் போயிற்று. அனுமதி பெற்ற இடம் எது என்று நான் விசாரிக்கவே இல்லை. இரண்டு லோடு ஷீட்டை என் லாரியிலேயே கொண்டுபோய் அவள் வாசலில் கொட்டினேன். திமிசுக் கட்டையால் இடித்துப் பரப்பினார்கள். டீ கொடுத்தாள், குடித்தேன். நல்ல மனுஷன் என்று அந்தத் தெருவே சொன்னது.

டாக்டரைப் பார்த்த மறுநாள் அந்த வாசலுக்குப் போனேன். சாம்பல் நிறச் சில்லுகள் மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தன. உடைந்த விளிம்புகளில் நார் பிரிந்திருந்தது. அவள் நடுவில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். அவள் மருமகள் பெருக்கிக்கொண்டிருந்தாள். வெயிலில் தூசி எழுந்து நின்றது. நான் வாசலுக்கு வெளியிலேயே நின்றேன்.

“வாங்க சாரு. எளச்சிட்டீங்களே, வூட்டுல சோறு போடறாங்களா இல்லையா?”

“முதல்ல பெருக்கறத நிறுத்தச் சொல்லும்மா.”

மருமகள் சிரித்தாள். “வந்ததும் வராததுமா வேலைய நிறுத்தச் சொல்றாரு. இப்பிடி ஒரு மேஸ்திரி எனக்குக் கெடைக்கலையே.”

“மூச்சு வாங்குதா உனக்கு?” என்று கிழவியிடம் கேட்டேன்.

“மேடு ஏறுனா வாங்குது. வயசாவலையா சாரு?”

எல்லாவற்றையும் சொன்னேன். கூரை, தூள், என் படம். அவள் கை புளியின் மேல் அப்படியே நின்றது. “அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியுங்களா?” என்றாள்.

அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். பொய் நாக்கு நுனிவரை வந்தது.

“தெரியும். எழுதியே குடுத்திருந்தாங்க.”

“தண்ணி தெளிச்சிட்டுக் கூட்டறேன்னு கேட்டனே சாரு. கண்ணு தெரியலன்னு கேட்டனே.”

ஆலையில் கேட்டாள். தண்ணீர் கான்கிரீட்டுக்கு வேண்டும், சும்மா கூட்டு என்று சொல்லியிருந்தேன். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

இனி இந்த வாசலைத் தோண்டவோ உலர்ந்தபடி பெருக்கவோ கூடாது, நனைத்து மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட வேண்டும், என் பொறுப்பில் செய்கிறேன் என்றேன். மருமகள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். “இதையாச்சும் எழுதியிருக்கறபடி செய்வீங்களா?” அவள் இப்போது சிரிக்கவில்லை.

கிழவி எழுந்தாள். “திங்கக்கெழம தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு வரேன். நீங்க வந்து டாக்டருகிட்ட சொல்லுங்க. நான் போனா வயசாயிடிச்சின்னு சத்து மாத்திரை குடுத்து அனுப்பிடுவாங்க.”

போனேன். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றேன். எந்தக் கூரை, எத்தனை நாள், நனைக்காமல் உடைத்தது, வாசலில் கொட்டியது எல்லாவற்றையும் அவள் முன்னாலேயே டாக்டரிடம் சொன்னேன். “யார் செஞ்சது?” என்றார். “நான்” என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். அவளை ஸ்கேனுக்கு அனுப்பினார்கள்.

ஸ்கேன் முடிவு வெள்ளிக்கிழமை வரும். வாங்கப் போகும்போதும் நான் கூடவே வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். வர முடியாது, உடம்பு சரியில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறேன் என்றேன்.