மத்திலேட்டி சொன்ன பச்சை

இருபத்தொன்பது வருடம் ரயில் ஓட்டி ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டாதவர் மத்திலேட்டி. குண்டக்கல் ரயில்வே காலனியில் இதைவிடப் பெரிய சொத்து யாருக்கும் கிடையாது. சிவப்பைத் தாண்டினால் வேலை போகும். சில நேரம் ஆட்களும் போவார்கள். சம்பந்தம் பேசும் இடத்தில்கூட, "பொண்ணோட அப்பா ஒரு சிக்னலும் தாண்டினதில்ல" என்று சொல்லிக்கொள்ளும் ஊர் இது.

தாண்டாமல் இருக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். விளக்கு கண்ணில் பட்டதும் ரயிலை ஓட்டும் பைலட் கையை உயர்த்தி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கும் உதவி பைலட் தன் கண்ணால் பார்த்து, தானும் கை உயர்த்திச் சொல்ல வேண்டும். வேலை முடிந்தாலும் இந்தப் பழக்கம் விடாது. மத்திலேட்டி பையைத் தோளில் மாட்டினால் போதும், மனைவி சுப்பம்மா அடுப்படியிலிருந்தே கரண்டியை உயர்த்தி "கிரீன்" என்பாள். இவரும் கையைத் தூக்கி "கிரீன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார்.

போன வருடம் சுப்பம்மா இறந்துபோனாள். சிறுநீரகக் கோளாறு. காரியம் முடிந்த மறுநாளே மத்திலேட்டி வேலைக்கு வந்தார். அழவில்லை, லீவும் கேட்கவில்லை. தினமும் முகம் பார்த்துப் பேசலாம் என்று பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கூப்பிட்டால் பேசுவார். மற்ற நேரமெல்லாம் அதில் சின்னச் சின்ன வீடியோக்கள் ஓடும். ஒருவன் மீன் வெட்டுவான், ஒருவன் லாரிக்குப் பெயிண்ட் அடிப்பான், எந்த ஊரிலோ யாரோ பாறை உடைப்பார்கள். சத்தம் வைக்க மாட்டார். சிரிக்கவும் மாட்டார்.

ரேணிகுண்டாவில் வண்டியை ஒப்படைத்துவிட்டு ஓய்வறையில் படுத்தால் தூங்க வேண்டிய நேரம் முழுவதும் இதுதான். ஒருநாள் சமையல்காரர் பொரியில் தாளித்த உக்கானித் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அதுல அப்படி என்னண்ணா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அதான் பாக்குறேன்."

விதியை அவர் மீறியதில்லை. வண்டி ஏறும் முன் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவார். அவரோடு போகும் உதவி பைலட் பர்வீன், ஆதோனி ஊர்ப் பெண். அவள்தான் முதலில் கவனித்தாள். ஓடும் இன்ஜினில், முன்னாலிருந்த மேசைமேல் கிடந்த அவருடைய கட்டைவிரல், போன் இல்லாமலே மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

"கையில என்னண்ணா?"

"என்ன?"

"வெரல் தள்ளிக்கிட்டே இருக்கு."

"எறும்பு," என்று சொல்லி விரலை மடக்கிக்கொண்டார்.

இன்ஜினில் ஒரு பொத்தான் உண்டு. ஒரு நிமிடம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தால் அது கூவும். அழுத்தினால், ஆள் விழித்திருக்கிறார் என்று நம்பி அடங்கிவிடும். மத்திலேட்டி தவறாமல் அழுத்துவார். இயந்திரத்தின் கணக்கில் அவர் எப்போதும் விழித்தே இருந்தார்.

மே மாதம், மத்தியானம். சிமெண்ட் ஏற்றிய சரக்கு வண்டியோடு குண்டக்கல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல். ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு முந்தின சிக்னல் தெரிந்தது. மத்திலேட்டி கையை உயர்த்தி "கிரீன்" என்றார். பர்வீனும் கையை உயர்த்தி "கிரீன்" என்றாள்.

விளக்கு மஞ்சள். அடுத்தது சிவப்பாக இருக்கும் என்று அதற்கு அர்த்தம்.

வாய் சொன்ன பிறகுதான் பர்வீனின் கண்ணுக்கு அது எட்டியது.

"அண்ணா, எல்லோ."

அவர் பொத்தானை அழுத்தினார்.

"அண்ணா, எல்லோ அது. பிரேக் போடுங்க."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். யாரோ தெரிந்தவரைத் தெருவில் பார்ப்பது போல. பர்வீன் தன் பக்கத்து அவசர பிரேக்கை இழுத்துவிட்டாள். வண்டி முழுவதும் அலறியபடி போய், சிவப்புக்கு ஒரு கிரிக்கெட் மைதானம் அளவு தூரம் இருக்கும்போது நின்றது. சிவப்புக்கு அப்பால் ஒரு பாசஞ்சர் ரயில் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து தண்டவாளப் பக்கம் இறங்கிய பெண்கள் வெள்ளரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வாக்கி டாக்கியில், கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு சுங்கன்னாவின் குரல்.

"மத்தி, என்னப்பா ஆச்சு? டீ பூரா என் சட்டைலதான் இருக்கு."

மத்திலேட்டி வாக்கி டாக்கியைக் கையில் எடுத்தார்.

"மாடா?"

இந்தப் பாதையில் எதற்காக வண்டி நின்றாலும் மாடுதான்.

"ஆமா," என்றார் மத்திலேட்டி. "மாடு."

"தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது."

பர்வீன் வெளியே பார்த்தாள். கண்ணுக்கு எட்டின தூரம் வரை ஒரு கன்றுக்குட்டிகூட இல்லை.

"நானும் கிரீன்னுதாண்ணா சொன்னேன்," என்றாள்.

"நான் சொன்னேன், அதனால சொன்ன."

"பென்ஷனுக்கு ரெண்டு வருஷம்தானே இருக்கு? மாடாவே இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் நல்லது."

அவர் டப்பாவைத் திறந்து சோள ரொட்டியைப் பிய்த்தார். வேர்க்கடலைச் சட்னியைத் தொட மறந்து வெறும் ரொட்டியையே தின்று முடித்தார். பச்சை விழுந்தது. இரண்டு பேரும் கை உயர்த்திச் சொன்னார்கள். இந்த முறை பர்வீன் இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

குண்டக்கல்லில் பணி முடித்துக் கையெழுத்துப் போடும் அறையில் ராமாஞ்சி உட்கார்ந்திருந்தார். மத்திலேட்டியோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்; கண் பார்வை குறைந்ததால் மேசை வேலைக்கு வந்தவர். சுங்கன்னா சொன்னதை வைத்து அவர் ஏற்கெனவே மாடு என்று எழுதிவிட்டிருந்தார்.

"மாடு இல்ல, ராமாஞ்சி."

"அப்ப எருமையா? அதுக்கும் ஒரே கட்டம்தான். கையெழுத்தப் போடு."

"எல்லோ இருந்துச்சு. நான் கிரீன்னு சொன்னேன்."

ராமாஞ்சி பேனாவை வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தார். கதவோரம் பர்வீன் நின்றுகொண்டிருந்தாள்.

"சிவப்பத் தாண்டினியா?"

"இல்ல."

"பிரேக் போட்டு நிறுத்திட்ட. அப்புறம் என்னய்யா?"

"பிரேக் போட்டது அவ."

"இது என் காதுல விழல. வீட்டுக்குப் போய்த் தூங்கு."

"தூங்கறதில்ல."

"பின்ன என்ன பண்ற?"

மத்திலேட்டி பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார். அணைத்தது அணைத்தபடியே இருந்தது.

"ஊர்ல எல்லாருந்தான் அதப் பாக்குறாங்க," என்றார் ராமாஞ்சி. "என் பொண்டாட்டி கொழம்பு கொதிக்கறதுகூடத் தெரியாம பாக்குறா."

"எனக்கு வெளக்கும் அதே மாதிரி போகுது. பாத்தாப்பல இருக்கு. பாக்கல."

"மனசு சரியில்லன்னு ஒரு வாரம் லீவு எழுதிக் குடு. மாடு இருந்துட்டுப் போகட்டும்."

"ஒரு வாரம் கழிச்சு வந்தாலும் கிரீன்னுதான் சொல்வேன்."

அவர் குரலில் வருத்தமோ வீம்போ இல்லை. சாப்பாட்டுக் கேரியரை மறந்துவிட்டதைச் சொல்வது போலச் சொன்னார். ராமாஞ்சி கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மாடு என்று எழுதியிருந்ததை அடித்தார்.

"நானும் எழுதிக் குடுக்கணும் சார்," என்றாள் பர்வீன். "வாயால நானும் கிரீன் சொன்னேன்."

"ஒரே நாள்ல ரெண்டு அரிச்சந்திரன்," என்று சொல்லிவிட்டு ராமாஞ்சி இன்னொரு தாளை எடுத்தார்.

மத்திலேட்டி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் வழக்கம்போல அவர் கை பாதி உயர்ந்தது. உள்ளே யாரும் எதுவும் சொல்லவில்லை. கையை இறக்கிக்கொண்டு படி இறங்கினார். போன் மேசைமேலேயே கிடந்தது. மறுநாள் காலை ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்.

எச்சரிக்கைக் கடிதத்தோடு பர்வீனுக்கு வேறு பைலட்டைக் கொடுத்திருக்கிறார்கள். மனநலப் பரிசோதனை முடியும்வரை மத்திலேட்டிக்கு மெயின் லைன் கிடையாது. திங்கட்கிழமை காலையிலிருந்து அவருக்கு யார்டில் காலிப் பெட்டிகளைத் தள்ளிச் சேர்க்கும் வேலை.